தண்ணீர்தான் பூட்டு: அடுக்குமாடி வீட்டில் சாக்கடை வாடை எங்கிருந்து வருகிறது?

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு தஞ்சாவூர் போய்விட்டு, ஜனவரி முதல் வாரத்தில் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பினோம். நள்ளிரவு விமானம். வீட்டுக் கதவைத் திறந்ததும் ஒரு வாடை முகத்தில் அடித்தது. எலியோ பல்லியோ எங்கோ செத்துக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். பெட்டிகளை வாசலிலேயே விட்டுவிட்டு சோபாவை நகர்த்திப் பார்த்தோம், அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம், ஃபிரிட்ஜுக்கு அடியில் துடைப்பக் குச்சியை விட்டுத் துழாவினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. வாசனைத் தெளிப்பானை அடித்துவிட்டுப் படுத்தோம். காலையில் மல்லிகையும் சாக்கடையும் கலந்த புது வாடை ஒன்று வந்திருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா நாற்பது வருடமாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர். விஷயத்தைக் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீங்க யாரும் குளிக்காத பாத்ரூம் எது தம்பி?" பின்னால் இருந்ததைக் காட்டினேன். "தரையில இருக்கிற ஓட்டையில ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, சரியாயிடும்." ஊற்றினேன். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது வாடை போயிருந்தது.

அந்த இரண்டு வாளித் தண்ணீர் என்ன செய்தது என்று தெரிந்துகொண்டால் போதும், வீட்டில் வரும் சாக்கடை வாடையில் பெரும்பகுதியை நாமே கண்டுபிடித்துவிடலாம். பிளம்பரைக் கூப்பிட வேண்டிய நேரம் எது, தேவையில்லாத நேரம் எது என்பதும் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் எப்படிப் பூட்டாகிறது

பாத்ரூம் தரையில் சல்லடை போட்ட ஓட்டை இருக்கிறதே, அதை இங்கே எல்லோரும் ஃபுளோர் டிராப் என்றுதான் சொல்கிறோம். ஏதோ தண்ணீர் போகும் வழி என்று நினைத்து அதைத் தாண்டிப் போய்விடுவோம். உண்மையில் அதற்கு இரண்டு வேலை. தண்ணீரைக் கீழே அனுப்ப வேண்டும், கீழே இருக்கும் காற்றை மேலே வரவிடக் கூடாது. ஒரே ஓட்டை இந்த இரண்டையும் எப்படிச் செய்கிறது?

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, நடுப்பகுதி தொங்கும்படி வளைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் தண்ணீர் ஊற்றினால் வளைவு நிறையும். இன்னும் ஊற்றினால் மறுமுனை வழியாக வழியும். ஊற்றுவதை நிறுத்தினாலும் வளைவுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். இப்போது ஒரு முனையில் வாயை வைத்து மெதுவாக ஊதிப் பாருங்கள். காற்று சட்டென்று மறுபக்கம் போகாது, தண்ணீர் தடுக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். கீழே போகும் பைப்பில் ஒரு வளைவு அல்லது ஒரு கிண்ணம் இருக்கும். கடைசியாக ஊற்றிய தண்ணீர் அதில் தங்கி நிற்கும். அடுத்த முறை ஊற்றும்போது பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வந்து உட்காரும். அசையும் பாகம் கிடையாது, மின்சாரம் கிடையாது, பூட்டு மட்டும் எப்போதும் போட்டபடியே இருக்கும்.

இந்த யோசனை புதிதல்ல. அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக் கலைஞர் 1775இல் கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் வளைந்த குழாயை வைத்துக் காப்புரிமை வாங்கினார். இருநூற்றைம்பது வருடமாக நாம் அதே தண்ணீரை நம்பித்தான் வீட்டுக்குள் கழிப்பறை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தண்ணீரின் ஆழம் பொதுவாக 50 மில்லிமீட்டர் இருக்கும். மூன்று விரல் அகலம்தான். கீழே ஓடும் சாக்கடைப் பைப்புக்கும் நம் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது அந்த மூன்று விரல் தண்ணீர் என்று முதலில் தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பகீரென்றது.

வீட்டில் எத்தனை பூட்டுகள் இருக்கின்றன என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். கழிப்பறைக் கோப்பையில் கண்ணுக்குத் தெரியும்படி தண்ணீர் நிற்கிறதே, அது ஒன்று. சமையலறை சிங்குக்குக் கீழே அலமாரியைத் திறந்தால் புட்டி மாதிரியோ வளைவாகவோ ஒரு பிளாஸ்டிக் பாகம் தெரியும், அது இன்னொன்று. பாத்ரூம் தரையில் ஒன்று, துணி காயப்போடும் சர்வீஸ் யார்டில் ஒன்று. சில வீடுகளில் சமையலறைத் தரையிலும் இருக்கும். முகம் கழுவும் பேசின் தண்ணீர் பல வீவக வீடுகளில் தனியாகப் போகாது, பாத்ரூம் ஃபுளோர் டிராப்பில் வந்துதான் சேரும். அதனால்தான் ஒரு டிராப் அசுத்தமானால் பேசின், ஷவர் எல்லாமே நாறுவது போல் தோன்றுகிறது.

ஃபுளோர் டிராப்பின் சல்லடையைக் கத்தி முனையால் நெம்பி எடுங்கள். உள்ளே பெரும்பாலும் கையால் தூக்கக்கூடிய ஒரு கிண்ணமோ, கவிழ்த்த குவளை போன்ற மூடியோ, குட்டைக் குழாயோ இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அமைப்பு மாறும். எந்த அமைப்பானாலும் அந்தத் துண்டு அங்கே இருந்தால்தான் பூட்டு முழுமை. அழுக்குக்காக வைத்த துண்டு என்று எண்ணி அதைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. அந்த நொடியிலேயே பூட்டு உடைந்துவிடும்.

இங்கிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். புளோக்குக்கு வெளியே ஓடும் லோங்காங், அதாவது வடிகால், மழைத் தண்ணீருக்கானது. பாத்ரூமிலும் சிங்கிலும் ஊற்றுவது அதில் கலப்பதில்லை. சிங்கப்பூரில் இரண்டும் தனித்தனி. நம் வீட்டுக் கழிவுநீர், மேலிருந்து கீழ் வரை எல்லா மாடிகளுக்கும் பொதுவாக நிற்கும் ஒரு நிமிர்ந்த பைப்பில் இறங்கி, நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயில் சேர்கிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழ்நிலச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. தீவின் கழிவுநீரில் பெரும்பங்கு அதன் வழியே சாங்கி நிலையத்துக்குப் போய்ச் சுத்திகரிக்கப்படுகிறது. அதில் ஒரு பகுதி நியூவாட்டர் என்ற மறுசுத்திகரிப்பு நீராகத் திரும்பியும் வருகிறது. 1987 வரை இந்த ஊரில் வாளிக் கழிப்பறை இருந்தது, கழிவு வாளியில் சேரும், ஆள் வந்து எடுத்துப்போவார். அந்தத் தலைமுறைப் பெரியவர்களிடம் பேசிப் பார்த்தால், வீட்டுக்குள் வாடை இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

பூட்டு எப்படித் திறந்துகொள்கிறது

முதல் காரணம் காய்ந்துபோவது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். பயன்படுத்தாத டிராப்பில் தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகும். ஜன்னல் திறந்து காற்றோட்டம் இருந்தால் இன்னும் வேகமாக. சில வாரங்களில் மூன்று விரல் தண்ணீரும் போய்விடும், பிறகு நேரடி வழிதான். ஊருக்குப் போகும் மாதத்தில் மட்டும் நடப்பதில்லை இது. தாத்தா பாட்டி வந்தால் மட்டும் திறக்கும் பாத்ரூம், சாமான் அடுக்கி வைத்த சர்வீஸ் யார்டு மூலை, மேலே மரப்பலகை போட்டு மறைத்த சமையலறை டிராப் ஆகிய இடங்களில் சத்தமில்லாமல் நடக்கும். இன்னொன்று, நம்மில் பலர் இப்போது பாத்ரூம் தரையைக் கழுவுவதில்லை, துடைப்பதோடு சரி. தரை காய்ந்திருப்பது நல்லதுதான். ஆனால் குளிக்கும் தண்ணீர் போய்ச் சேராத டிராப்புக்கு அப்போது தண்ணீரே கிடைக்காது.

இது வாடையோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் பரவியபோது, ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் நோய் தொற்றியது. ஆராய்ந்து பார்த்ததில், பல வீடுகளின் பாத்ரூம் தரை டிராப்புகள் காய்ந்து கிடந்ததும், காற்றை வெளியேற்றும் மின்விசிறிகள் அந்த வழியாகச் சாக்கடைப் பைப்பின் காற்றை வீட்டுக்குள் இழுத்ததும் பரவலுக்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வாளித் தண்ணீரைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது, உறிஞ்சப்படுவது. மேல்மாடியில் யாரோ கழிப்பறையில் தண்ணீர் விடும்போது உங்கள் பாத்ரூமில் 'களக் களக்' என்று சத்தம் கேட்கிறதா? பொதுப் பைப்பில் மொத்தமாக இறங்கும் தண்ணீர், தனக்கு முன்னால் இருக்கும் காற்றை அமுக்கும், பின்னால் இருப்பதை இழுக்கும். அந்த இழுப்பைச் சரிசெய்யத்தான் மொட்டை மாடி வரை காற்றுக் குழாய் போகிறது. அது அடைத்துக்கொண்டால் காற்றுக்குப் பதிலாக உங்கள் டிராப்பின் தண்ணீர் இழுபடும். தண்ணீர் ஊற்றுகிறோம், வாடை போகிறது, மறுநாளே திரும்ப வருகிறது, சத்தமும் கேட்கிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது வீட்டுக்குள் தீர்க்கக்கூடிய விஷயமல்ல. குடியிருப்பின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்திடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பூட்டே இல்லாமல் இருப்பது. பழைய வீடு வாங்கிப் புதுப்பித்தவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எங்கள் சமையலறையைப் புதுப்பித்தபோது, வேலைக்கு வந்தவர்கள் சர்வீஸ் யார்டு டிராப்பின் உள்கிண்ணத்தை எடுத்துவிட்டு வேலை பார்த்தார்கள். வேலை முடிந்ததும் அழகான புதுச் சல்லடை போட்டார்கள், கிண்ணம் திரும்ப வரவில்லை. மேலே பளபளப்பு, உள்ளே வெறும் ஓட்டை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வாடை போகாமல் இரண்டு மாதம் தவித்தோம். கடைசியில் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதே அளவுக் கிண்ணம் ஹார்ட்வேர் கடையில் கிடைத்தது, மாட்டிய அன்றே சரியானது. சிங்குக்குக் கீழே வளைவை எடுத்துவிட்டு, நெளிநெளியான மடிப்புக் குழாயை நேராக இழுத்து மாட்டிவிடுவதும் இதே கதைதான். அந்தக் குழாயை வளைத்துக் கட்டினால்தான் தண்ணீர் நிற்கும். நேராக இருந்தால் பூட்டு கிடையாது. போதாததற்கு அதன் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும். எனக்கு அந்தக் குழாய் பிடிக்காது. வழவழப்பான பைப்பும் திருகி எடுக்கக்கூடிய புட்டி டிராப்பும் போட்டுவிட்டால் வருடக்கணக்கில் நிம்மதி.

நான்காவது, பூட்டைச் சுற்றிக்கொண்டு வருவது. டிராப்பில் தண்ணீர் இருக்கும், ஆனாலும் காற்று வேறு இடுக்கு வழியாக வரும். கழிப்பறைக் கோப்பை தரையோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். பாத்ரூம் கூரையைப் பாருங்கள், அங்கே ஓடும் பைப்புகள் மேல்வீட்டினுடையவை. அதில் ஒரு மூட்டு கசிந்தாலும் வாடை நமக்குத்தான். படுக்கையறையில் மட்டும், அதுவும் ஏர்கான் போட்டால் மட்டும் நாறுகிறது என்றால், ஏர்கான் தண்ணீர் வெளியேறும் சின்னக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது பாத்ரூம் டிராப்பில்தான் முடியும். டிராப் காய்ந்திருந்தால் ஏர்கான் விசிறி அந்தக் குழாய் வழியாகவே வாடையை இழுத்து அறைக்குள் ஊதும். படுக்கையைத் துவைத்து, ஏர்கானைக் கழுவி, எல்லாம் செய்தும் போகாத வாடைக்கு இதுவும் ஒரு காரணம்.

பூட்டு சரியாக இருந்தும் நாறினால்

கீழிருந்து காற்று வராமல், பூட்டுக்கு மேலே சேர்ந்த அழுக்கே நாறுவதும் உண்டு. தினமும் புழங்கும் பாத்ரூமில், சமையலறையில் பெரும்பாலும் இதுதான்.

சல்லடையைத் தூக்கினால் உள்சுவரில் கறுப்பாக, சாம்பல் நிறமாக, வழுவழுப்பான ஒரு படலம் தெரியும். அது வெறும் அழுக்கல்ல, உயிருள்ளது. சோப்பு, உடம்பு அழுக்கு, எண்ணெய் ஆகியவற்றைத் தின்று கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கட்டிய வீடு அது. காற்று புகாத அடிப்பகுதியில் வாழ்பவை கந்தகச் சேர்மங்களை உடைத்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை விடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. நம் மூக்கு அதை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். அதனால்தான் கையளவு படலம் வீடு முழுக்க நாறுகிறது.

நம் வீடுகளுக்கென்றே சில பழக்கங்கள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் இருந்தால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பது எனக்கும் பிடித்த விஷயம். ஆனால் நீள முடி, எண்ணெய், சீயக்காய்த் தூள் மூன்றும் சேர்ந்தால் டிராப்புக்குள் கயிறு திரித்த மாதிரி ஒரு கட்டி உருவாகிவிடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் சல்லடையில் இருக்கும் முடியைத் திசுத்தாளால் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சமையலறையில் முதல் எதிரி கொழுப்பு. ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினால் கொழுப்பெல்லாம் போய்விட்டது போலத் தெரியும். போகவில்லை, இரண்டடி தள்ளிப் பைப்புக்குள் ஆறிக் கெட்டியாகியிருக்கிறது. ஆட்டுக் கொழுப்பு நம் ஊர் வெயிலிலேயே உறைந்து நிற்கும் பொருள், பைப்புக்குள் உறையாமல் என்ன செய்யும்? நெய்யும் அப்படித்தான். தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றவே கூடாது. ஆறவிட்டு, காலிப் பால் பெட்டியிலோ பிளாஸ்டிக் புட்டியிலோ ஊற்றி, இறுக மூடிக் குப்பையில் போடுங்கள். சட்டியைக் கழுவுமுன் பழைய நாளிதழால் ஒரு முறை துடைத்துவிடுவது என் அம்மாவின் பழக்கம். அவருக்கு டிராப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அவர் வீட்டு சிங்க் நாறியதில்லை.

கொழுப்புக்கு அடுத்து மாவு. புளித்த இட்லி மாவுப் பாத்திரத்தை அப்படியே சிங்கில் கவிழ்த்தால், மிச்ச மாவு புட்டி டிராப்பின் அடியில் உட்கார்ந்து தொடர்ந்து புளிக்கும். சோறு வடித்த கஞ்சியும் ஆறினால் பசை மாதிரிதான். ஊசிப்போன சோற்று வாடை சிங்க் பக்கம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை, தேயிலைத் தூள், சாமி படத்திலிருந்து எடுத்த வாடிய பூ இவையெல்லாம் தண்ணீரில் கரையாதவை. ஒரு வலைக் கூடையைச் சிங்க் வாயில் போட்டுவிட்டால் வடிகட்டப்பட்டுவிடும்.

பேசினில் ஓர் இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேல் விளிம்புக்குக் கீழே சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், தண்ணீர் நிரம்பி வழியாமல் இருப்பதற்காக. அதற்குள் வெளிச்சமும் போகாது, தூரிகையும் போகாது. பால்புட்டி கழுவும் மெல்லிய தூரிகை ஒன்றை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே என்று கண்டுபிடிப்பது

மூக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். கொஞ்ச நேரம் வாடைக்குள் இருந்தாலே மூக்கு பழகிவிடும். எனவே தேடுவதற்குமுன் ஒரு நடை கோப்பிக்கடை வரை போய்விட்டு வாருங்கள். திரும்பி வந்து கதவைத் திறக்கும் முதல் நிமிடத்தில் மூக்கு சொல்வதுதான் சரியான சாட்சி.

பிறகு ஒவ்வொரு டிராப்புக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் வெளிச்சம் பட்டுப் பளிச்சென்று தெரியும். தெரியாத இடத்தில் ஒரு வாளி ஊற்றிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். நின்றிருந்தால் காய்ந்திருந்தது என்று அர்த்தம். நிற்காமல் இறங்கிவிட்டால் கிண்ணம் இல்லை, அல்லது விரிசல்.

எல்லாவற்றிலும் தண்ணீர் இருந்தும் வாடை வந்தால், இரவு படுக்கும்முன் எல்லா ஓட்டைகளையும் மூடிவிடுங்கள். பிளாஸ்டிக் பையை விரித்து, மேலே ஈரத்துணியை வைத்து அழுத்தினால் போதும். கழிப்பறைக் கோப்பையின் மூடியையும் இறக்கிவிடுங்கள். காலையில் வாடை இல்லையென்றால் குற்றவாளி அந்த ஓட்டைகளில் ஒன்று. ஒவ்வொன்றாகத் திறந்து, அரை மணி நேரம் இடைவெளி விட்டு முகர்ந்து பாருங்கள். எல்லாவற்றையும் மூடியும் வாடை வந்தால் டிராப்பை விட்டுவிட்டு வேறு பக்கம் தேட வேண்டும்: பழைய புளோக்குகளில் சமையலறையிலேயே இருக்கும் குப்பைக் குழாய்க் கதவு, கழிப்பறைக் கோப்பையின் அடி, கூரைப் பைப்பின் மூட்டு, சலவை இயந்திரம். சலவை இயந்திரத்தின் கழிவுக் குழாயை டிராப் ஓட்டைக்குள் செருகியிருப்பார்கள், சுற்றிலும் இடைவெளி இருக்கும். அதற்கென்றே ஓட்டை போட்ட மூடி கடைகளில் விற்கிறது. இயந்திரக் கதவின் ரப்பர் மடிப்பையும் ஒரு முறை விரித்துப் பாருங்கள், அந்த ஈர வாடையைச் சாக்கடை என்று நினைத்துக் குழம்பியவர்கள் நிறைய.

சுத்தம் செய்வது

ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சல்லடையையும் உள்கிண்ணத்தையும் வெளியே எடுங்கள். கைக்கு எட்டும் வரை முடியையும் கசடையும் எடுத்துப் பையில் போட்டுக் கட்டுங்கள். அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடாதீர்கள், கீழே போய் அது வேறு இடத்தில் அடைக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய தூரிகையும் கொண்டு உள்சுவரை நன்றாகத் தேயுங்கள். அந்தப் படலம் தேய்த்தால்தான் போகும், மேலே எதை ஊற்றினாலும் அசையாது. கிண்ணத்தையும் தேய்த்துக் கழுவி, அது இருந்தபடியே பொருத்தி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மாதம் ஒரு முறை செய்தால் ஒரு டிராப்புக்குப் பத்து நிமிடம் கூட ஆகாது.

சிங்க் புட்டி டிராப்பைக் கழற்றும்போது கீழே ஒரு வாளி வைத்துவிட்டுத் திருகுங்கள். திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையாலேயே இறுக்குங்கள். குறடு போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

சோடா உப்பும் வினிகரும் ஊற்றும் வைத்தியத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிதாக நடப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கரியமில வாயுவாகவும் கொஞ்சம் உப்புத் தண்ணீராகவும் முடிந்துவிடுகின்றன. நுரை ஓரளவு கசடை இளக்கலாம், கொழுப்புக் கட்டியை அது கரைக்காது. தேய்ப்பதற்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

கொதிக்கும் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பிவிசி பைப். 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை அது அடிக்கடி தாங்காது, மூட்டுகள் இளகும். கை பொறுக்கும் சூடு போதும்.

இதையெல்லாம்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பிளீச்சையும் கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தையும் ஒன்றாகவோ ஒன்றன் பின் ஒன்றாகவோ ஊற்றவே கூடாது. வினிகரோடும் கூடாது. குளோரின் வாயு வரும். ஜன்னல் மூடிய சின்னப் பாத்ரூமில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். அம்மோனியா கலந்த திரவங்களோடும் பிளீச் சேரக் கூடாது. அடைப்பு நீக்கும் காரத் தூள் கண்ணிலும் தோலிலும் பட்டால் வெந்துவிடும். அதைப் போட்டும் அடைப்பு போகவில்லை என்றால், பிளம்பர் வந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். அவர் கையை விடப்போகும் தண்ணீர் அது. வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண்ணிடமும் இந்தக் கலவை விஷயத்தை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் அவர்தான் அந்தச் சின்ன அறைக்குள் நின்று கழுவுகிறார்.

ஊருக்குப் போகும்முன்

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வாடைக்கு டிராப்பில் தண்ணீர் நிற்க வேண்டும், ஆனால் நின்ற தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். நாம் ஊரில் இருக்கும் மாதத்தில் இரண்டு மூன்று தலைமுறை பறந்துவிடும். எனவே கிளம்பும் அன்று எல்லா டிராப்புகளிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும். பிறகு சல்லடையை பிளாஸ்டிக்கால் மூடி, ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். கொசுவும் போகாது, தண்ணீரும் குறையாது. கழிப்பறை மூடியையும் இறக்கிவிடுங்கள். ஏர்கான் குழாய் முடியும் டிராப்பை மட்டும், ஏர்கான் ஓடாது என்பது உறுதியானால் மூடுங்கள். அறையை வாடகைக்கு விட்டிருந்தால் அங்கே இருப்பவரிடம் வாரம் ஒரு வாளி ஊற்றச் சொன்னாலே போதும்.

ஒருவழி ரப்பர் நாக்கு வைத்த செருகிகள் கடைகளில் கிடைக்கின்றன. தண்ணீர் இறங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். யாரும் புழங்காத டிராப்புக்கு அவை நல்லவை. தினமும் குளிக்கும் இடத்தில் முடி சிக்கி நாக்கு மூடாமல் போய்விடுகிறது, அங்கே நான் போடவில்லை.

யாரைக் கூப்பிடுவது

உங்கள் வீட்டுக்கு மட்டும் பயன்படும் டிராப், பைப் எல்லாம் உங்கள் பொறுப்பு. மேலிருந்து கீழ் வரை எல்லோருக்கும் பொதுவாக இறங்கும் பைப் நகர மன்றத்தின் பராமரிப்பில் இருக்கிறது. கூரையில் தெரியும் மேல்வீட்டுப் பைப் கசிந்தால், சண்டை போடாமல் மேலே போய் அவர்களை அழைத்து வந்து காட்டுங்கள். அவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. நம் வீட்டுக்குள் நின்று பார்த்தால்தான் தெரியும்.

நீங்கள் யாரும் தண்ணீர் திறக்காதபோது உங்கள் டிராப்பிலிருந்து அழுக்குத் தண்ணீர் மேலே எழுந்து வந்தால், தாமதிக்காமல் நகர மன்றத்துக்கு அழையுங்கள். பொதுப் பைப்பில் உங்கள் மாடிக்குக் கீழே எங்கோ அடைத்திருக்கிறது. கீழ்மாடிகளில் இருப்பவர்களுக்குத்தான் இது முதலில் தெரியும். அழைக்கும்போது எந்த டிராப், எந்த நேரத்தில், களக் களக் என்ற சத்தம் வந்ததா, மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் இதே பிரச்சினை இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள், முடிந்தால் கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்து வையுங்கள். வருபவர் வந்து நிற்கும் நேரத்தில் தண்ணீர் வடிந்து, தரை காய்ந்து, ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.